மேல்மடைக்காரரின் பதில்

அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஒன்று உண்டு. ஊழியரின் குடும்பத்தில் எவரேனும் தொழிலோ வணிகமோ செய்தால் அதை அவர் தம் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் போதும். அனுமதி கேட்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. தெரிவிப்பதற்கு ஒரு தாள் தேவை. அது போய்ச் சேர்ந்து கோப்பில் படுத்துக்கொள்ளும். அனுமதி என்றால் அந்தத் தாள் எழுந்து நடக்க வேண்டும். மேசை மேசையாக ஏற வேண்டும், ஏறிய வழியே இறங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்கி, விருப்ப ஓய்வுக்கும் ஒழுங்காக மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து வெளியே வந்தவள் நான். ஆண்டுக்கொரு தடவை உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு விளையாட்டைப் பற்றி. விதி அதற்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அக்கா பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில், பெரியநாயக்கன்பாளையத்தில், ஒரு லேத் பட்டறையின் சுவரை ஒட்டிய வாடகை வீடு எங்களுடையது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். அம்மா எங்கள் தேவாலயச் சபையின் பாடகர் குழுவில் பாடுபவர். அந்தக் கோடையில் அம்மாவின் தம்பி வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தார். அங்கே அவர் குழாய் ஃபிட்டர். எல்லாருடைய மாமாவும் கொண்டுவந்த சோப்பு, சென்ட், டார்ச் விளக்கு ஆகியவற்றோடு ஒரு கறுப்பு வெள்ளை தொலைக்காட்சிப் பெட்டியும் கொண்டுவந்தார். எங்கள் பக்கம் ஒளிபரப்பு இன்னும் எட்டியிருக்கவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தெருவே வந்து பார்த்தது. பெட்டியில் படம் வரவில்லை, புள்ளி புள்ளியாக எறும்பு ஊர்ந்தது. மாமா கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பினார். எறும்பு வேறு பக்கம் ஊர்ந்தது. பட்டறைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது அந்த ஊரு மணலுங்களா?" என்று கேட்டார்.

மாமாவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. பெட்டிக்கு எப்படியாவது ஒரு படம் வர வேண்டும் என்ற ரோஷத்தில்தான், அக்காவுக்கென்று வாங்கி, பிறகு யோசித்துச் சூட்கேஸ் அடியிலேயே வைத்திருந்த இன்னொன்றை வெளியே எடுத்தார். ஒரு நோட்டுப் புத்தக அகலம். அழி ரப்பரில் செய்தது போன்ற விசைகள். தொலைக்காட்சியில் ஒரு ஒயர், டேப் ரிக்கார்டரில் ஒரு ஒயர், சுவரில் ஒரு ஒயர். அதுதான் கணிப்பொறி. அந்த வார்த்தையை நாங்கள் பத்திரிகையில் மட்டும் பார்த்திருந்தோம்.

அதற்குத் தானாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கேசட்டிலிருந்து ஊட்ட வேண்டும். டேப்பை ஓடவிட்டால் முதலில் ஒரே சுதியில் நீண்ட ஊளை. பிறகு தகரத்தை அறுப்பது போல் இரைச்சல். திரையின் ஓரங்களில் சாம்பல் வரிகள் துள்ளும். ஒலி அளவு ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் நடுவில் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து. டேப் ரிக்கார்டரின் ஹெட்டை அக்கா மாமாவின் சென்ட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பாள். இன்று நினைத்தாலும் அந்த விளையாட்டுகளுக்கு அத்தர் வாசனைதான் வருகிறது, கூடவே சூடேறிய அடாப்டரின் வாசனையும்.

மாமா கொண்டுவந்த கேசட்டுகளில் சுடுகிற விளையாட்டுகள் இருந்தன. என்னை அவை இழுத்தன, அக்காவை இழுக்கவில்லை. அவளுக்குப் பிடித்தவை அசையாமல் நிற்பவை. ஒன்றில் ஒரு கிடங்கு. பெட்டிகளைத் தள்ளி உரிய கட்டத்தில் சேர்க்க வேண்டும்; தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலையில் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான். இன்னொன்றில் ஒரு ராஜ்ஜியம். இந்த ஆண்டு விதைக்கு எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு, காவலுக்கு எவ்வளவு என்று கேட்கும். எண்களை அடித்து என்டர் தட்டினால் ஓர் ஆண்டு போய்விடும். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று ஒரு வரி வரும். பிறகு மறுபடி அதே கேள்வி. நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அது காத்திருக்கும். அடுப்படிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அந்த ராஜ்ஜியத்தில் ஒரு நாள் கூடக் கழிந்திருக்காது.

"இதென்னடி, கொக்கி மாட்டுன மாதிரி நிக்குது," என்றேன் ஒரு நாள்.

"நாம ரோசனை பண்ற வரைக்கும் நிக்குதுல்ல," என்றாள் அக்கா. "வேற எது நிக்குது?"

காத்திருக்காதது ஒன்று இருந்தது. பட்டறையில் பெரிய லேத் மோட்டாரைப் போட்டால் தெருவுக்கே மின்அழுத்தம் விழும். விளக்கு மங்கும், கணிப்பொறி எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெள்ளைத் திரையோடு புதிதாகப் பிறந்து நிற்கும். அரை நாள் தட்டெழுதியது போயிருக்கும். முதல் தடவை அக்கா அழுதாள். இரண்டாம் தடவை சுவர் அருகே போய்ப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுப் பேசினாள். அன்றிலிருந்து அவர் மோட்டார் போடுமுன் சுவருக்கு அக்கட்டாலிருந்து குரல் கொடுப்பார்.

"அம்மணி, போடலாங்களா?"

"சித்த பொறுங்க. கேசட்டுல ஏத்திக்கறேன்."

சுவரைத் தாண்டி அந்த இரைச்சல் போகும். அது அடங்கியதும் அவர் சுவிட்சைப் போடுவார். ஊருக்கே பம்பு பாகம் கடைந்து கொடுத்த மனிதர், தம் மோட்டாரைத் தம் பட்டறையில் போட எங்களைக் கேட்டார். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கேட்டார், பதில் உடனே வந்தது, வேலை நடந்தது. உலகத்தில் இப்படியும் அனுமதி வாங்கலாம் என்பதற்கு நான் கண்ட சாட்சி அது ஒன்றுதான்.

கணிப்பொறியோடு வந்த கையேட்டைப் படித்து அக்கா தட்டெழுதிக்கொண்டிருந்தது அவளுடைய சொந்த விளையாட்டை.

எங்கள் அப்பாவின் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே பெரியப்பா ஒரு பண்ணையில் தண்ணீர் கட்டுகிற வேலையில் இருந்தார். வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். முதலில் மேல்மடை, பிறகு அடுத்தது, கடைசியில் கடைமடை. தன் முறை வரும்போது மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் கீழே போய்விடும். அடுத்த சுற்று வரை கிடையாது. முந்தின ஆண்டு விடுமுறையில் அக்கா அங்கே போய் இருந்துவிட்டு வந்தாள். அதைத்தான் விளையாட்டாக்கினாள். ஒரு வாய்க்கால், நான்கு வயல்கள், நான்கு பேர். ஒவ்வொருவரும் தன் முறையில் மடையை எவ்வளவு திறப்பது என்று ஓர் எண் அடிக்க வேண்டும். மேல்மடைக்காரர் ஆசைப்பட்டு ஒன்பது அடித்தால் அவருக்குக் கரும்பு வளரும், கடைமடை காயும். இதுவரை யாரும் யோசிப்பார்கள். அக்கா அதற்கு மேல் ஒன்று வைத்திருந்தாள். கடைமடை இரண்டு போகம் காய்ந்தால் அங்கிருக்கும் சனம் ஊரை விட்டுப் போய்விடும். அப்புறம் மேல்மடைக் கரும்பை வெட்ட ஆள் இருக்காது.

மாமா மேல்மடையில் உட்கார்ந்து, கரும்பை ஆளுயரம் வளர்த்து, வெட்ட ஆளில்லாமல் மூன்று தடவை தோற்றார். "இது வெளையாட்டா, பஞ்சாயத்தா கண்ணு?" என்றார். மறுபடி உட்கார்ந்தார்.

திரையில் படம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாய்க்கால் ஒரு கோடு. பயிர் சின்னச் சின்னக் குச்சிகள். வார்த்தைகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். பட்டறைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வந்து இரண்டாம் மடையில் உட்காருவார். நான் கடைமடை. திரையையே பார்த்துக்கொண்டிருப்போம். எண் அடித்தபின் என்டர் தட்டுவதற்குமுன் எல்லாரும் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொள்வார்கள். இன்று என் பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனில் விளையாடுவதைப் பார்க்கிறேன். அவன் மூச்சு விடுவதாகவே தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்தபின், மாமா வற்புறுத்தி அப்பாவை உட்கார வைத்தார். அப்பாவுக்கு இரண்டாம் மடை. அவர் முறை வந்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் படித்தார்.

"இப்ப என்ன செய்யோணும்?"

"எவ்வளவு தொறக்கறீங்கன்னு நம்பரு அடிங்க மச்சான்," என்றார் மாமா.

"மேல்மடைக்காரரு என்ன சொல்றாரு?"

"நாந்தானுங்க மேல்மடை. நான் ஒண்ணும் சொல்லலை. என்ற முறை முடிஞ்சுது."

"அதில்லீங்க. அவரைக் கேக்காம எப்புடித் தொறக்கறது?"

மாமா சிரித்தார். "அது உங்க மடைங்க மச்சான். உங்க வயலு, உங்க முறை. ஆரைக் கேக்கோணும்?"

"கேட்டுப்போட்டாத் தப்பில்லையே," என்றார் அப்பா. பூஜ்யம் அடித்தார். தண்ணீர் கீழே போயிற்று. அடுத்த சுற்றிலும் பூஜ்யம். அவருடைய குச்சிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்கு ஏதாவது வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டார்.

அப்போது அது வேடிக்கையாக இருந்தது. அப்பாவின் அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் வாழ்நாள் முழுக்க மடை திறந்தவர்கள். எந்த மடையும் அவர்களுடையதல்ல. மேலே ஒருவர் கையசைத்தபின்தான் மண்வெட்டி இறங்கும். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அப்பா. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது இதுதான் என்று தெரியவில்லை.

அக்கா மறுநாளே அப்பாவுக்காக விளையாட்டில் ஒன்றைச் சேர்த்தாள். எண்ணுக்குப் பதிலாக கே என்ற விசையை அமுக்கினால் மேல்மடைக்காரரைக் கேட்டதாக அர்த்தம். அந்த முறை கேட்பதிலேயே போய்விடும். அடுத்த சுற்றில் பதில் வரும்: உங்கள் மடைதானுங்க, கேட்க வேண்டியதில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். மாமா உருண்டு உருண்டு சிரித்தார். அப்பாவிடம் யாரும் காட்டவில்லை.

கணிப்பொறியோடு மாமா ஓர் ஆங்கிலப் பத்திரிகையும் கொண்டுவந்திருந்தார். வாசகர்கள் எழுதிய விளையாட்டுகளை அச்சிடுகிற பத்திரிகை. அதன் பின்பக்கத்தில், சொந்தமாகச் செய்த விளையாட்டைக் கேசட்டில் அனுப்பலாம், நன்றாக இருப்பதை அவர்களே கேசட்டாகப் போட்டு விற்பார்கள், ஆண்டு முடிவதற்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அக்கா எனக்குப் படித்துக் காட்டவில்லை. பத்திரிகை தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொள்கிற அளவுக்கு அவள் படித்திருந்ததை நானாகத்தான் கண்டுகொண்டேன். பதினேழு வயதுவரை அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பாவாடைத் துணியின் நிறத்தைக்கூட அம்மாதான் தேர்ந்தெடுப்பார். அவள் முதன்முதலாகக் கேட்டது இதுதான்.

மாமாவைத்தான் கேட்டாள். மாமா உடனே ஒரு புதுக் கேசட்டின் உறையைப் பிரித்தார். அக்கா ஒரு பக்கத்தில் விளையாட்டைப் பதிந்தாள். அழிந்துபோனால் இருக்கட்டும் என்று மறுபக்கத்திலும் அதையே பதிந்தாள். பிறகு கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் பேனாக் கத்தியால் உடைத்தாள். உங்களுக்கு நினைவிருக்கும், அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. ரிக்கார்டரின் பொத்தான் கீழே இறங்காது.

மாமா கேசட்டைக் கையில் எடுத்துப்போய், அங்கிருந்து தபாலில் போடுவதாக ஏற்பாடு. அவர் கிளம்புவதற்கு முந்தின வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவிடம் சொன்னார்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "விக்கறதுன்னா?"

"ஆமாங்க. புள்ள எழுதுனதை அவங்க போட்டு விப்பாங்க."

"மாப்ளே, நான் அரசாங்க ஊழியன். என்ற ஊட்டுப் புள்ள வெளிநாட்டுக்காரனுக்கு ஒண்ணு விக்குதுன்னா, ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுத்தான் விடோணும்."

"ஆரை மச்சான் கேக்கோணும்? நானு கொண்டுபோயிப் போடறேன். உங்க பேரே வராது."

"பேரு வராதுன்னா அது இன்னும் மோசமுங்க. மறைச்சதாப் போயிரும்."

"உங்க ஆபீஸ்ல இது என்னன்னே தெரியாதுங்க."

"அதனாலதான் முறையா எழுதிக் கேக்கறது," என்றார் அப்பா. குரல் உயரவில்லை. எங்கள் வீட்டில் யாருடைய குரலும் உயராது. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "வருசம் முடியற வரைக்கும் இருக்குதல்ல அம்மணி. ஒரு மாசத்துல உத்தரவு வந்துரும். மிஞ்சிப்போனா ஒண்ணரை. நானே ஏர் மெயில்ல போடறேன். எவ்வளவு ஆனாலுஞ் செரி."

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்பா சொன்னாச் செஞ்சுபோடுவாரு," என்றார்.

அக்கா, "செரிங்கப்பா," என்றாள்.

அப்பா அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. இதை நான் அப்பாவுக்காக வாதாடிச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். அன்று அவர் எழுதிய விண்ணப்பத்தின் கையெழுத்து அச்சடித்தது போல் இருந்தது. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் அதனதன் இடத்தில். தெரிவித்துக்கொள்கிறேன் என்று முடித்திருந்தால் அதோடு போயிருக்கும். அனுமதி அளித்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன் என்று முடித்தார்.

மாமா பம்பாய்க்கு ரயில் ஏறினார். பைக்குள் கேசட் இல்லை. ஜன்னல் வழியே அக்காவின் தலையில் கைவைத்து, "அடுத்த லீவுல வாரேன் கண்ணு," என்றார். மன்னிப்புக் கேட்பது போல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கணிப்பொறியை அம்மாவின் பழைய வாயில் புடவையில் சுற்றிப் பீரோ மேல் வைத்தார். "கேட்டிருக்கற விசயம் முடிவாகற வரைக்கும் தொடாம இருக்கறதுதான் அம்மணி மரியாதை." கேசட்டை டேப் ரிக்கார்டரின் தோலுறைப் பையில் வைத்தார், சேர்ந்த பொருள்கள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன்மேல் பெயர் எழுதலாமா என்று அக்கா கேட்டதற்கு, உத்தரவு வருமுன் பெயர் வைப்பது சரியாகாது என்றார். எனவே கேசட் பெயரில்லாமல் கிடந்தது.

தொலைக்காட்சிப் பெட்டிமேல் அம்மா ஒரு குரோஷாத் துணி போர்த்தினார். பிறகு அதன்மேல் ஒரு பூச்சாடி வந்தது. பட்டறைக்காரர் சில வாரங்கள் பழக்கதோஷத்தில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார்.

"அம்மணி, போடலாங்களா?"

"போடுங்க," என்பாள் அக்கா.

பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

உத்தரவு வரவில்லை, கேள்வி வந்தது. மேற்படி கேசட்டில் உள்ளது பாடலா, பேச்சா என்று தெளிவுபடுத்துக. அப்பா அன்றே பதில் எழுதினார்: இரண்டும் அல்ல. வெகுநாள் கழித்து அடுத்த கேள்வி. இரண்டும் அல்ல எனில் அதில் உள்ளது என்ன? அப்பா அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அக்கா கல்லூரியிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பி.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்திருந்தாள்.

"கணக்குன்னு எழுதுங்கப்பா," என்றாள்.

அப்பா அப்படியே எழுதினார். அதற்கும் கேள்வி வந்தது. கணக்கு எனில், கணக்குப் பிரிவின் கருத்து பெறப்பட்டதா?

சிரிக்காதீர்கள். அந்தக் கேள்விகளில் நடைமுறைப் பிழை எதுவும் இல்லை. அந்த நாற்காலியில் நீங்களோ நானோ இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். தேவையில்லாத ஒன்றுக்கு அனுமதி கேட்கும்போது, தேவையில்லை என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

ஒவ்வொரு நாளும் மாலை அப்பா வீட்டுக்குள் நுழையும்போது அக்கா அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் செருப்பைக் கழற்றியபடி, இல்லை என்று தலையை இலேசாக அசைப்பார். கார்த்திகை மழை பிடித்த பிறகு அவள் பார்ப்பதை நிறுத்தினாள். அவர் தலையசைப்பது மட்டும் நிற்கவில்லை.

டிசம்பரில் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்துமஸ் பயிற்சி நடந்தது. குழுவை நடத்தியவர் மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர். நான்கு குரல்களையும் பதிந்து போட்டுக் கேட்டால் பிசகு தெரியும் என்று அவருக்கு ஓர் எண்ணம். எங்கள் வீட்டில் ரிக்கார்டர் இருப்பது சபைக்கே தெரியும். ஒரு பகலில் எல்லாரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். அக்கா கல்லூரியில், நான் பள்ளியில், அப்பா அலுவலகத்தில். என்ன நடந்தது என்பதைப் பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். வாத்தியார் கொண்டுவந்த கேசட் சிக்கிக்கொண்டது. அம்மா தோலுறைப் பையில் கைவிட்டு, பெயரில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அக்காவின் கேசட்டை அப்பா எப்போதோ அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டதாகவே அம்மா நினைத்திருந்தார். இத்தனை கேள்வி கேட்பவர்கள் பொருளைப் பார்க்காமலா கேட்பார்கள்? நியாயமான அனுமானம். வாத்தியார் போட்டுக் கேட்டார். ஊளையும் இரைச்சலும்.

"டேப்பு பாழாப் போச்சுங்க," என்றார் வாத்தியார். "மேல பதிஞ்சாச் செரியாயிரும்."

பதியும் பொத்தான் இறங்கவில்லை. முதுகில் பல் இல்லாததைப் பார்த்தார். விவரம் தெரிந்தவர். ஒரு பாட்டுத்தாளின் ஓரத்தைக் கிழித்து உருட்டி இரண்டு குழியிலும் அடைத்தார். பொத்தான் இறங்கிற்று.

கிறிஸ்துமஸ் அன்று, ஆராதனை முடிந்தபின் குழுவினர் எங்கள் வீட்டுக்குக் கேக் சாப்பிட வந்தார்கள். பட்டறைக்காரரும் வீட்டம்மாவோடு வந்திருந்தார். வாத்தியார் கேசட்டைப் போட்டார். நன்றாகத்தான் பாடியிருந்தார்கள். அம்மாவின் குரலை அடையாளம் கண்டு அப்பாகூடத் தலையசைத்தார். கடைசிப் பாட்டு முடிந்தது. யாரோ ரிக்கார்டரை நிறுத்தும் சத்தம். கொஞ்சம் மௌனம். பிறகு அது வந்தது. தகரத்தை அறுக்கிற அந்த இரைச்சல், பாட்டு போய்ச் சேராத டேப்பின் மிச்சத்திலிருந்து.

"அடியில ஏதோ பழசு கத்துதுங்க," என்றார் வாத்தியார், சிரித்துக்கொண்டு.

பட்டறைக்காரர் கேக்கைக் கீழே வைத்தார். "அம்மணி, இது நம்மு கம்ப்யூட்டர் சத்தமல்லங்க?"

அக்கா தட்டோடு நின்றிருந்தாள். இரைச்சல் தொடர்ந்து சட்டென்று முடிந்தது. விளையாட்டின் கடைசிப் பகுதியாக இருந்திருக்க வேண்டும். அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்க் கேசட்டை எடுத்தாள். முதுகைத் திருப்பிப் பார்த்தாள். குழியிலிருந்த காகித உருண்டையை நகத்தால் எடுத்தாள். பார்த்துவிட்டுத் திரும்ப அதே குழியில் வைத்தாள்.

"இன்னொரு நகலு இருக்குதல்ல அம்மணி?" என்றார் அப்பா.

"மறுபக்கத்துல இருந்துச்சுங்கப்பா."

மறுபக்கத்தில் ஒரு மேய்ப்பர் பாட்டும் இரண்டு தாலாட்டுகளும் இருந்தன. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வாத்தியாருக்கு எதுவும் புரியாமல், புதுக் கேசட் வாங்கித் தந்துவிடுவதாகச் சொன்னார். அக்கா, "பரவால்லீங்க சார், பாட்டு நல்லா வந்துருக்குது," என்று சொல்லிவிட்டு மற்றவர்களுக்கும் கேக் கொடுத்தாள்.

நிலுவையில் உள்ள விண்ணப்பத்தை எந்தக் கட்டத்திலும் திரும்பப் பெறலாம். இரண்டு வரி போதும். அப்பா அதைச் செய்யவில்லை. ஜனவரியில் ஒரு நினைவூட்டு அனுப்பினார். ஆண்டு முடிந்துவிட்டது, பத்திரிகை சொன்ன கெடு போய்விட்டது, கேசட் போய்விட்டது. அம்மா ஒரு நாள் தயங்கியபடி, கணிப்பொறியைக் கீழே இறக்கட்டுமா என்று அக்காவைக் கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எதுக்குங்கம்மா?" என்றாள். உண்மையிலேயே காரணம் கேட்பது போல இருந்தது.

அக்கா பிறகு பி.எட். முடித்து, வால்பாறையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகப் போய், அங்கேயே இருந்து ஓய்வு பெற்றாள். இப்போதும் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேதான் இருக்கிறாள். நல்ல டீச்சர் என்று பெயர். போன மாதம் ஃபோனில் பேசும்போது கேட்டேன். இப்போதெல்லாம் எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்தே விளையாட்டு செய்து உலகத்துக்கு விற்கிறதே, அந்த மடை விளையாட்டை மறுபடி எழுதலாமே என்று.

"எந்த வெளையாட்டு?" என்றாள்.

மறந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். நான் மழையைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். அங்கே நல்ல மழை என்றாள்.

பதில் வந்தது ஒரு வேலை நாளில். ஏதோ உள்ளூர்க் காரணத்தால் அக்காவுக்குக் கல்லூரி இல்லை. அவள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மாலையில் அப்பா உறையைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நின்றபடியே பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலில் மனத்துக்குள் படித்தார். பிறகு வாய்விட்டுப் படித்தார். மேற்படி பொருளில் இவ்வலுவலகத்தின் அனுமதி தேவையில்லை எனவும், தகவல் தெரிவித்தாலே போதுமானது எனவும் இதன்வழி தெரிவிக்கப்படுகிறது.

படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார். அவள் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"கே அமுக்குனதுக்குப் பதிலுங்களாப்பா?" என்றாள்.

அப்பாவுக்கு அது என்னவென்று தெரியாது. அவருக்காகவே வைத்த அந்த விசையை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார்; நான் வெங்காயத்தைப் பார்த்தேன். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எந்தக் காகிதம் வந்தாலும் செய்வதுபோலச் சுவரில் தாளை வைத்து, வலப்பக்க மூலையில் பெறப்பட்டது என்று எழுதி, அதன் கீழே தேதி போட்டார். ஆண்டுதோறும் நினைத்துக்கொள்ள வசதியில்லாத தேதி, நாட்காட்டியே அதை நான்கு ஆண்டுக்கு ஒரு தடவைதான் ஒப்புக்கொள்கிறது: பிப்ரவரி இருபத்தொன்பது.